காதக்காவின் இடது காது

வேலையில் சேர்ந்த முதல் வருடம், தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் எனக்கென்று தனியாகக் கொடுத்த முதல் பொறுப்பு, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஆட்களைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போவது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி தொங்கவிட்டு நடந்த காலம் அது. மருத்துவமனை நடையில் பெஞ்சுகளில் ஆட்களை உட்கார வைத்துவிட்டு, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மட்டும் மனைவியோடு வந்திருந்தார். தகடு வளைக்கும் பெரிய பிரஸ்ஸை ஓட்டுகிறவர். வருடா வருடம் ஏதாவது சாக்குச் சொல்லி இந்தப் பரிசோதனைக்கு டிமிக்கி கொடுக்கிறவர் என்று ஷாப்பில் பெயர் எடுத்தவர். அவரே வந்துவிட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, காது டெஸ்ட் பண்ற அந்தப் பொட்டிக்குள்ள நானும் உட்காரலாமா? நான் உங்க கம்பெனி ஆள் இல்ல."

"நீங்க எங்கம்மா வேலை பார்க்கறீங்க?"

"வீட்லதான். பாட்டு மிக்ஸ் பண்றேன்."

பாட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் எப்படி அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார் என்பதைப் பிற்பாடு அவரும் கணவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் குறுக்கே புகுந்து திருத்துவார். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பாடகர்களும் இசையமைப்பாளர்களும் அவரைக் கூப்பிடுவது காதக்கா என்று. குரல், கிட்டார், ட்ரம்ஸ் எனத் தனித்தனியாகப் பதிவு செய்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் ஒதுங்க வேண்டும் என்று அளவு வைத்துக் கொடுப்பது அவர் தொழில். பாடுகிறவர் மூச்சை எங்கே இழுத்தார், நாற்காலி எங்கே கிறீச்சிட்டது என்று சொல்லிவிடுவார். ஒரு டப்பிங் தியேட்டரில் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு, அது மூடப்பட்ட பிறகு வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கிக்கொண்டார். சுவரில் பழைய மெத்தையை நிறுத்தி, மேலே கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு மேசை, கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர்.

வீட்டில் இருந்ததே இரண்டு அறைதான். இன்னொன்றில் டிவி.

பிரஸ்காரர் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் டிவியைப் போடுவார். பல வருடங்களாகத் தகடு அடிக்கிற சத்தத்திலேயே நின்று அவர் காது மங்கிப் போயிருந்தது. அதை அவர் ஒத்துக்கொண்டதில்லை. மாதத்துக்கு மாதம் டிவி சத்தம் மட்டும் ஏறியது. செய்தி வாசிக்கிற பெண் அடுத்த தெருவுக்கும் சேர்த்தே வாசித்தாள்.

"ஏங்க, கொஞ்சம் குறைங்க."

"சத்தமாவா இருக்கு? எனக்கு அப்படித் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரங்களைக் கேளுங்க, இன்னிக்கு என்ன செய்தின்னு அவங்களே சொல்லுவாங்க."

சண்டை போட்டு அலுத்துப் போய், காதக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்கால வேலைக்கு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, காதை முழுக்க மூடுகிற ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதையும் தாண்டிச் செய்திப் பெண் உள்ளே வந்தாள். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினார். அந்தப் பக்கம் அவர் ஒரு படி ஏற்றினால், இந்தப் பக்கம் இவர் ஒரு படி. ஒருவர் ஏற்றுவது மற்றவருக்குத் தெரியாது. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் மாதக்கணக்கில் இப்படியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டப்பிங் தியேட்டரில் இருந்த காலத்தில் காதக்கா இப்படி இல்லை. பாட்டு ஓடும்போதே பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிய வேண்டும், அதுதான் அவர் வைத்துக்கொண்ட அளவு. வீட்டில் பக்கத்தில் பேச ஆள் இல்லை. அதோடு, சத்தமாக வைத்தால் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். ட்ரம்ஸ் நெஞ்சில் இடிக்கும், பேஸ் என்கிற அடி ஓசை தரையில் படுத்துக்கொள்ளும், நாமே பிரமாதமாகச் செய்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு வரும். இரைச்சல்தான் காதைக் கெடுக்கும், பாட்டு என்ன செய்துவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வரும்போது இடது காதுக்குள் 'கீ' என்று ஒரு சத்தம். ஃப்ரிட்ஜ் என்று நினைத்துப் போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். ஜன்னல் சாத்தியதும் சத்தம் அதிகமானது. மதியத்துக்குள் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் வரை இருந்தது. அப்புறம் ஒரு நாள் போகவே இல்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. காதக்கா என்று பெயர் வைத்துக்கொண்டு காதில் கோளாறு என்று யாரிடம் சொல்வது?

அந்த நேரத்தில்தான் தாடிக்காரத் தம்பியின் வேலை கையில் இருந்தது. இளம் இசையமைப்பாளர், அவருக்கு அது முதல் படம். திரையில் தன் பெயர் வரப்போகிற முதல் படம் காதக்காவுக்கும் அதுதான். முதல் பாட்டை முடித்து அனுப்பினார். போன் வந்தது.

"அக்கா, குரல் ஊசி மாதிரி குத்துது. அடியில ஒண்ணுமே இல்ல."

"போன்ல கேட்டியா?"

"போன்ல கேட்டேன், கார்ல கேட்டேன், தங்கச்சி ரூம்ல கேட்டேன். எல்லாத்துலயும் குத்துது."

"அப்ப நீ கேக்கற எடத்துலதான் ஏதோ கோளாறு."

தாடிக்காரர், "சாயங்காலம் வர்றேங்கா. உங்க ரூம்லயே உட்கார்ந்து கேப்போம்" என்றார்.

அன்று மத்தியானம் முழுக்கக் காதக்கா அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுப் போட்டுக் கேட்டார். குத்துகிற இடம் அவருக்கு அகப்படவே இல்லை.

தாடிக்காரர் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, பிரஸ்காரரிடம் "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா" என்று கத்தலாக விசாரித்துவிட்டு, அறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். காதக்கா ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"அக்கா, கொஞ்சம் குறைங்க. காது வலிக்குது."

வழக்கமாக வைக்கிற இடத்தில்தான் வைத்திருந்தார். குறைத்தார். குறைக்கக் குறைக்கப் பாட்டின் மேல் பாதி, தட்டுத் தாளங்களின் சிலுசிலுப்பு, பாடகியின் 'ச'கர ஓசை எல்லாம், யாரோ துணியைப் போட்டு மூடிய மாதிரி மறைந்துபோனது.

"இதோ, இந்த எடம். பாம்பு சீறற மாதிரி இல்ல?"

"ம்."

காதக்காவின் கண் ஸ்கிரீனில் ஓடும் கோட்டுப்படத்தில் இருந்தது. ஓசை எங்கே எகிறுகிறது என்பதை அது காட்டும். தாடிக்காரர் அதைக் கவனித்தாரா, தற்செயலாகக் கேட்டாரா தெரியவில்லை.

"அக்கா, அதைப் பார்க்காதீங்க. இப்படி என் பக்கம் திரும்பி உட்காருங்க. ரெண்டு மாதிரி கொண்டுவந்திருக்கேன். ஒண்ணுல அந்தச் சீறலைக் குறைச்சிருக்கேன். எதுன்னு சொல்லுங்க."

காதக்கா ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிரஸ்காரர் டீ எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியிலேயே நின்றார். முதலாவது ஓடியது. இரண்டாவது ஓடியது. இரண்டும் ஒன்றுதான். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. இடது காதில் அந்தக் 'கீ', வலது காதில் விழுகிற நுணுக்கத்தையும் மூடிக்கொண்டு, விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை போடு."

போட்டார். இந்தத் தடவை காதக்கா பாட்டைக் கேட்கவில்லை. தாடிக்காரர் முகத்தையே பார்த்தார். முதலாவதில் பாடகியின் வரி வந்தபோது அவர் கண்ணோரம் லேசாகச் சுருங்கியது. இரண்டாவதில் சுருங்கவில்லை.

"ரெண்டாவதுலதான் குறைச்சிருக்க."

தாடிக்காரர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "அதானே பார்த்தேன். காதக்காவுக்குத் தெரியாமப் போகுமா? பின்ன ஏன்க்கா அப்படி அனுப்பினீங்க? வேற ஏதாவது ஃபைல் மாறிப்போச்சா?"

"மாறித்தான் போயிருக்கும்."

"சரி, ஒண்ணும் பிரச்சினையில்ல. இதே அளவுல மீதிப் பாட்டையும் முடிச்சிடுங்க."

வாசற்படியில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பிரஸ்காரர் டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்து, "இந்தாம்மா, கொஞ்சம் உள்ள வா" என்றார்.

அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவன் மூஞ்சியைப் பார்த்துத்தானே சொன்ன?"

"என்ன உளர்றீங்க?"

"எங்கிட்டயேவா? தினம் நான் பார்க்கற வேலை அது. சூப்பர்வைசர் வாயைப் பார்ப்பேன், புருவத்தைப் பார்ப்பேன். அவரு சிரிச்சா நானும் சிரிப்பேன். நாலு பேர் தலையாட்டினா நானும் ஆட்டுவேன்."

காது கேட்கவில்லை என்பதை அவர் வாயிலிருந்து காதக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் கணவர் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"கண்ணை மூடு. இப்ப என்ன கேக்குது?"

"ஒண்ணும் பண்ணலையே நீங்க."

"இப்ப?"

வலது காதருகே விரல்கள் உரசுகிற சரசரப்பு கேட்டது. காதக்கா கண்ணைத் திறந்து திரும்பினார்.

"அப்ப முதல்ல?"

"அதேதான். இடது பக்கம்." பிரஸ்காரர் கையைத் தொங்கவிட்டார். "ஷாப்ல ஒருத்தன் எனக்குப் பண்ணிக் காட்டினான். எனக்கு ரெண்டு பக்கமுமே கேக்காது."

அடுத்த அறையில் தாடிக்காரர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு டீ குடிக்கிற சத்தம் வலது காதில் தெளிவாகக் கேட்டது. நல்ல மனநிலையில் இருந்தார். இப்படியே போய் உட்கார்ந்தால் வேலை கையில் இருக்கும், பெயர் திரையில் வரும். மீதிப் பாட்டுகளைக் கோட்டுப்படத்தைப் பார்த்தே ஒப்பேற்றிவிடலாம். வலது காது இருக்கிறது. யாருக்குத் தெரியப் போகிறது? கணவர் வாயைத் திறக்க மாட்டார், இந்த விஷயத்தில் அவர்தான் பழம் தின்று கொட்டை போட்டவர் ஆயிற்றே.

காதக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனார்.

"தம்பி, நான் கேட்டுச் சொல்லலை. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன்."

தாடிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "புரியலைக்கா."

"இடது காது வேலை செய்யலை. எவ்வளவு நாளா இப்படின்னு தெரியலை. நீ சொன்ன சீறல் எனக்குக் கேக்கவே இல்ல. கேக்காததாலதான் ஏத்தி ஏத்தி வச்சிருக்கேன்."

தாடிக்காரர் ஸ்பீக்கரைப் பார்த்தார், மெத்தை நிறுத்திய சுவரைப் பார்த்தார், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் காலைப் பார்த்தார்.

"அக்கா, எனக்கு இது முதல் படம்."

"தெரியும்."

"வேற யார்கிட்டயாவது…"

"குடு. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

உண்மையில் காதக்கா அதைச் சொல்ல வரவில்லை. உடம்பு சரியாகும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கத்தான் வந்தார். தாடிக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது பிரஸ்காரரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் வெடித்தது.

"எல்லாம் உங்க டிவியாலதான்."

"என் டிவி உன் காதுக்குள்ளயா வந்து உட்கார்ந்துச்சு? மாட்டிக்கிட்டது நீ."

"காது கேக்கலைன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா நான் ஏன் மாட்டறேன்?"

பிரஸ்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். ஒத்துக்கொண்டால் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிடுவார்கள், கேட்டில் உட்கார வைத்து வருகிறவன் போகிறவனுக்கு சல்யூட் அடிக்க விடுவார்கள் என்பது அவர் பயம். கடைசியில் சொன்னார்.

"வியாழக்கிழமை கம்பெனியில காது டெஸ்ட். நீ வந்தா நானும் வர்றேன்."

இப்படித்தான் இருவரும் அந்தப் பெஞ்சுக்கு வந்தார்கள். நான் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். கடைசியில் அவரையும் உட்கார வைக்கச் சம்மதித்தார்.

பெட்டி என்பது ஓர் ஆள் உட்காரும் அளவு சின்ன அறை. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அற்றுப்போகும். காதில் ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்குக் காதக்கா டக் டக்கென்று அழுத்தினார். இடது காதுக்கு மாறியதும் கை நின்றுவிட்டது. அந்த அமைதியில் அவருடைய 'கீ' பூதாகாரமாக எழுந்தது. எது பரிசோதனை ஒலி, எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு தடவை அழுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையை ஆட்டி இல்லை என்றாள். அதற்குப் பிறகு அழுத்தப் பயந்து, கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது ரவிக்கைக் கை வேர்வையில் நனைந்திருந்தது.

டாக்டரம்மா இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கணவருடையதில் இரண்டு காதுக்குமான கோடுகள், மனைவியின் இடது காதுக் கோடு, எல்லாம் நேராகப் போய் ஒரே இடத்தில் பள்ளத்தில் இறங்கின. கணவருடைய பள்ளம் ஆழம் அதிகம், அவ்வளவுதான்.

"ரெண்டு பேரும் ஒரே ஷாப்பா?"

"இல்லம்மா. நான் பாட்டு…"

"காதுக்குப் பாட்டு எது, தகடு எதுன்னு தெரியாதும்மா. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம். அதை மட்டும்தான் அது கணக்கு வச்சுக்கும். சிலருக்கு ஒரு காதுதான் முதல்ல விழும்."

"திரும்ப வருமா?"

"மாத்திரை தர்றேன். ஹெட்போனைத் தொடாதீங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க. கொஞ்சம் வரலாம். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த மூன்று வாரத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷாப்பில் சத்தம் அளக்கிற மீட்டரை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். காதக்கா கேட்டுத்தான். பாட்டு இப்படிச் செய்யும் என்பதை அவர் மனம் இன்னும் ஏற்கவில்லை. அட்டையில் ஓட்டை போட்டு மீட்டரின் மூக்கை நுழைத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அதன்மேல் அழுத்தினோம். துல்லியமான அளவு என்று சொல்ல முடியாது, ஒரு மதிப்புக்கு வரும். வழக்கமாக வைக்கிற இடத்துக்கு வால்யூமைத் திருப்பச் சொன்னேன். எண் ஏறி, தொண்ணூற்றொன்பது டெசிபலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

பிரஸ்காரர் குனிந்து பார்த்தார். "எங்க பிரஸ் எவ்வளவு தம்பி?"

"தொண்ணூத்தி மூணுண்ணே."

அவர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "எனக்காவது காதுமூடி குடுத்தாங்க" என்று மட்டும் சொன்னார். காதக்கா ஹெட்போனைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து எடுத்த தாளில் பள்ளம் கொஞ்சம் மேடேறியிருந்தது. நிரம்பவில்லை. டாக்டரம்மா, இதற்கு மேல் வருவது அபூர்வம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேலை செய்யலாமா என்பதற்கு அவர் சொன்ன பதில், "அளவு தெரிஞ்சு செய்யுங்க."

அந்த அளவைத் தேடி மறுபடியும் மீட்டரோடு உட்கார்ந்தோம். 'ஷ்' என்று சீராக ஓடும் ஒரு ஒலியை ஒரே ஒரு ஸ்பீக்கரில் போட்டு, நாற்காலியில் அவர் தலை இருக்கும் இடத்தில் மீட்டரைப் பிடித்தேன். எண்பதைத் தொட்டதும் அவரே வேண்டாம் என்று கையை அசைத்தார். சின்ன அறை, குறைவாகவே போதும் என்று எழுபத்துமூன்றில் நிறுத்தினார். பிறகு தாடிக்காரர் திருப்பியனுப்பிய அந்த முதல் பாட்டையே போட்டார்.

"செத்துக் கிடக்கு" என்றார். கை தானாக வால்யூம் குமிழுக்குப் போனது.

"இந்தாம்மா" என்றார் பிரஸ்காரர், வாசற்படியிலிருந்து.

கை திரும்பி மடிக்கு வந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சோகையான பாட்டை முழுக்கக் கேட்டோம். திரும்பப் போட்டார். மூன்றாவது தடவை ஓடும்போது காதக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேஸே இல்ல."

விரலால் மேசையில் தாளத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். அடியில ஒண்ணுமே இல்ல. சத்தத்துல எனக்கு நிறைஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கு." பாட்டை நிறுத்தாமல், "எனக்கு இது கேக்குதுங்க" என்றார் கணவரைப் பார்த்து. பிரஸ்காரருக்கு அவர் சொன்னது கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

படம் வேறொருவர் மிக்ஸ் செய்த பாட்டுகளோடு வெளிவந்தது, திரையில் அந்த வேறொருவர் பெயர் இருந்தது. தாடிக்காரர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தனிப்பாட்டை அனுப்பியிருக்கிறார். காதக்கா இப்போது கணவர் வேலைக்குப் போன பிறகு, காலையில் மட்டும், ஸ்பீக்கரில் மட்டும் வேலை செய்கிறார். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எழுந்து மாடிக்குப் போய்விட்டு வருகிறார். உச்ச ஓசைகளுக்குத் தன் இடது காதை அவர் நம்புவதில்லை. டப்பிங் தியேட்டரில் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அனுப்பிச் சரிபார்க்கிறார், வேலை கொடுப்பவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சிலர் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள், சிலர் கொடுக்கிறார்கள். பிரஸ்காரரைக் கேட்டில் உட்கார வைக்கவில்லை, அச்சுகள் வைக்கும் ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொள்கிறார், அடுப்படியில் இவ்வளவு சத்தமா என்று குறைப்பட்டுக்கொள்கிறார். காதக்காவின் இடது காதில் அந்தக் 'கீ' இன்னும் இருக்கிறது.